குடும்ப ஏரியைப் படமெடுப்பது: ஆல்பத்தில் தொடங்கிக் கரையில் முடியும் முழுமையான வழிகாட்டி

எங்கள் குடும்பம் தலைமுறையாகப் போய்வந்த ஏரிக்கு முதன்முறை கேமராவோடு போனபோது, மூன்று நாளில் நானூறு படங்களுக்கு மேல் எடுத்தேன். விடியல், மூடுபனி, தண்ணீரில் தலைகீழாக நிற்கும் மலை என்று எதுவும் பாக்கியில்லை. அவற்றில் பன்னிரண்டைத் தேர்ந்து பிரிண்ட் போட்டு அத்தையிடம் நீட்டினேன். ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குடா. இது எந்த ஏரி?" என்று கேட்டார்.

சிறுவயதில் கோடைக்குக் கோடை அங்கே போனவர் அவர்.

வெளிச்சத்திலும் லென்ஸிலும் குறையில்லை. நான் நின்ற இடம்தான் தப்பு. வருகிறவர்கள் பார்ப்பதற்கென்று மேட்டில் கட்டிவைத்த மேடையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்திருந்தேன். அத்தை அந்த உயரத்திலிருந்து ஏரியை ஒருநாளும் பார்த்ததில்லை. எதிர்க்கரையில் படகுகளைக் கவிழ்த்துப் போடும் இடத்தில், தரையில் உட்கார்ந்தபடிதான் அவர் பார்த்திருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் மலைக்கு வேறு உருவம்.

அதனால் இந்த வழிகாட்டியில் கேமரா அமைப்புகள் கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும். ஆட்கள், இடம், நேரம், தண்ணீர், அப்புறம்தான் கருவி.

முதலில் ஆல்பம்

அந்த ஏரியில் எடுத்த பழைய படங்கள் எத்தனை இருக்கின்றன என்று தேடுங்கள். ஆல்பத்தில் ஒட்டியவை கொஞ்சமாகத்தான் இருக்கும். ஒட்டாமல் விட்டவை உறைகளிலும் தகர டப்பாக்களிலும் கிடக்கும், நெகட்டிவ்கள் இன்னும் ஆழத்தில் இருக்கும். ஆட்கள் கண்ணை மூடிக்கொண்ட படம், கை ஆடிய படம் என்று ஒதுக்கியவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றில்தான் பின்னணி நிறைய விழுந்திருக்கும்.

எல்லாவற்றையும் 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். 4×6 அங்குலப் படம் 2400×3600 பிக்சலாக வரும். மலை விளிம்பின் ஒரு வெட்டைக் கண்டுபிடிக்க அது போதும். ஸ்கேனர் இல்லையென்றால் வெயில் நேரடியாக விழாத ஜன்னலோரத்தில் படத்தைக் கிடத்தி, ஃபிளாஷை அணைத்துவிட்டு, கைப்பேசியை அதற்கு இணையாகப் பிடித்து எடுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். தேதி முத்திரை, பிரிண்ட் போட்ட கடையின் பெயர், யாரோ கிறுக்கிய இரண்டு வார்த்தைகள், எல்லாமே பிறகு துப்பாக மாறும்.

படத்தின் வடிவமும் பேசும். சதுரமாக இருந்தால் 120 என்ற அகலமான ஃபிலிம் சுருளில் 6×6 சென்டிமீட்டர் அளவில் எடுத்ததாக இருக்கலாம், அல்லது 1963-இல் கோடாக் கொண்டுவந்த இன்ஸ்டாமேட்டிக் வகைக் கேமராவில் எடுத்ததாக இருக்கலாம். அகலமும் உயரமும் 3:2 என்றால் பெரும்பாலும் 35 மி.மீ. ஃபிலிம். எந்த வகைக் கேமரா என்று தெரிந்தால், அதை எந்த உயரத்தில் பிடித்திருப்பார்கள் என்றும் ஊகிக்கலாம். கொஞ்ச நேரத்தில் அது தேவைப்படும்.

இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு. பழைய வண்ணப் படம் முழுக்கச் சிவந்திருந்தால் மாலை வெளிச்சம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல பழைய வண்ணத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடும், மிஞ்சுவது சிவப்பு. நேரத்தை நிழலின் நீளத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். இரண்டாவது, நெகட்டிவைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டிருந்தால் ஏரியே இடவலம் மாறி வந்திருக்கும். படகில் எழுதிய பெயர், ஆண்கள் சட்டையின் பொத்தான் பக்கம், கைக்கடிகாரம் கட்டிய கை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்கள் சட்டையில் பொத்தான்கள் அணிந்தவரின் வலப்பக்கம் இருக்கும். அரைநாள் முழுக்கத் தவறான கரையில் தேடிய பிறகுதான் எனக்கு இந்த விஷயம் உறைத்தது.

பெரியவர்களிடம் என்ன கேட்பது

"எந்த இடம் அழகா இருக்கும்?" என்று கேட்டால் மேடையைத்தான் சொல்வார்கள். அழகைப் பற்றியே கேட்காதீர்கள். உடம்பைப் பற்றிக் கேளுங்கள். எங்கே உட்காருவீங்க? எந்தப் பக்கம் பார்த்து உட்காருவீங்க? வெயில் முகத்தில் அடிக்குமா, முதுகிலா? தண்ணிக்குள்ள எங்கிருந்து இறங்குவீங்க? காலில் மண் படுமா, கல்லா? சின்னவங்களை எந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு சொல்லுவாங்க?

கடைசிக் கேள்விக்கு எப்போதும் நீளமான பதில் கிடைக்கும். போகக் கூடாத இடத்துக்கு எல்லோரும் போயிருப்பார்கள்.

பேசும்போது ஒப்புதல் கேட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். ஒரு தாளைக் கொடுத்து ஏரியை வரையச் சொல்லுங்கள். அளவுகள் கன்னாபின்னாவென்று இருக்கும், பரவாயில்லை. அவர்கள் எதைப் பெரிதாக வரைகிறார்களோ அதுதான் உங்கள் படத்திலும் பெரிதாக இருக்க வேண்டியது. அத்தை வரைந்த வரைபடத்தில் ஏரியைவிட ஒரு பாறை பெரிதாக இருந்தது.

அண்ணன் ஒன்று சொல்வார், தங்கை வேறொன்று சொல்வார். தீர்ப்புச் சொல்ல உட்காராதீர்கள். இரண்டு இடத்திலும் எடுங்கள். சில குடும்பங்களுக்கு அந்த ஏரி ஒருவரை இழந்த இடமாகவும் இருக்கும். அப்படியானால் யாரையும் அங்கே நிற்கவைக்காதீர்கள், அவர்களாக வந்து நின்றால் ஒழிய.

பழைய படம் எடுத்த புள்ளியைக் கண்டுபிடிப்பது

இந்த வேலையின் சுவையே இங்கேதான். 1977 முதல் 1979 வரை மார்க் கிளெட்டும் அவருடைய கூட்டாளிகளும், அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டு நில ஆய்வுப் பயணங்களின்போது எடுத்த படங்களின் இடங்களைத் தேடிப் போனார்கள். அதே புள்ளியில் நின்று மறுபடி எடுப்பதுதான் நோக்கம். களத்திலேயே போலராய்டு எடுப்பார்கள், பழைய படத்தோடு ஒப்பிட்டு அளப்பார்கள், நகர்வார்கள், மறுபடி எடுப்பார்கள். இன்று போலராய்டின் இடத்தில் கைப்பேசித் திரை வந்திருக்கிறது. முறை அதேதான்.

பழைய படத்தில் நகராத, வளராத பொருட்களைத் தேர்ந்தெடுங்கள். பாறை, சுவரின் மூலை, கட்டடத்தின் விளிம்பு, மலைக்கோட்டில் உள்ள வெட்டு. மரம் வளரும், விழும். நீர்க்கோடு ஏறும், இறங்கும். இரண்டையும் நம்பாதீர்கள்.

இப்போது கரையருகே உள்ள ஒரு பொருளையும் தொலைவில் உள்ள ஒன்றையும் ஜோடி சேருங்கள். பழைய படத்தில் பாறையின் இடது விளிம்புக்கு நேர் மேலே மலைவெட்டு இருக்கிறது என்று வையுங்கள். கரையில் நடந்து, அந்த இரண்டும் அதேபோல் ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தைத் தேடுங்கள். எந்தப் பக்கம் நகர்வது என்று குழம்பினால் ஒரே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அருகில் உள்ள பொருள் எந்தப் பக்கம் விலகித் தெரிகிறதோ, அதே பக்கம் நீங்களும் நகர வேண்டும். பாறை மலைவெட்டுக்கு இடதுபுறம் தள்ளித் தெரிந்தால் இடதுபக்கம் நடங்கள். பாறை வலப்பக்கம் நகர்ந்துவந்து சரியாகப் பொருந்தும். உயரத்துக்கும் இதே விதிதான். அருகில் உள்ளது அளவுக்கு மேல் ஏறித் தெரிந்தால் கேமராவை உயர்த்துங்கள், இறங்கித் தெரிந்தால் தாழ்த்துங்கள்.

ஒரு ஜோடி பொருந்திவிட்டால் நீங்கள் சரியான கோட்டில் நிற்கிறீர்கள். அந்தக் கோட்டில் எங்கே என்பதை இரண்டாவது ஜோடி சொல்லும். முதல் ஜோடியைக் கலைக்காமல் முன்னும் பின்னும் நடந்து, இரண்டாவதும் பொருந்தும் இடத்தில் நில்லுங்கள். இரண்டு கோடுகள் வெட்டும் அந்தப் புள்ளிதான் பழைய கேமரா இருந்த இடம்.

இதற்கு முன்பே ஜூமைத் திருகி அளவு சேர்க்கப் பார்ப்பது எல்லோரும் செய்யும் தவறு. பொருட்களுக்கு இடையிலான உறவைத் தீர்மானிப்பது நிற்கும் இடம் மட்டுமே. ஜூம் அந்தக் காட்சியில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்று மட்டும் சொல்லும். இடம் கிடைத்த பிறகு ஜூமுக்கு வாருங்கள். பழைய 35 மி.மீ. கேமராக்களில் 50 மி.மீ. லென்ஸ் சகஜம். 6×6 எடுக்கும் இரட்டை லென்ஸ் கேமராக்களில் 75 அல்லது 80 மி.மீ. இருக்கும். அது இன்றைய முழுச்சட்டகக் கணக்கில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) 40-லிருந்து 45 மி.மீ. வரை வரும். கைப்பேசியின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24-லிருந்து 26 மி.மீ.க்கு நிகரானது. அதில் எடுத்தால் எதிர்க்கரை மலை மண்மேடாகச் சுருங்கிப்போகும். இரண்டு மடங்கு ஜூமில் வைத்தால் தாத்தாவின் கேமரா பார்த்த அளவுக்கு அருகில் வந்துவிடும்.

உயரத்துக்கு இன்னொரு துப்பும் உண்டு. தொடுவானம் எப்போதும் கேமராவின் உயரத்திலேயே விழும். ஏரி பெரிதாக இருந்து எதிர்க்கரை வெகுதூரத்தில் இருந்தால், அந்தக் கரைக்கோட்டையே ஏறக்குறைய தொடுவானமாக வைத்துக்கொள்ளலாம். படமெடுத்தவரும் படத்தில் இருப்பவர்களும் ஒரே சமதளத்தில் நின்றிருந்தால், அந்தக் கோடு அவர்கள் உடலை எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். கண்மட்டத்தில் வெட்டினால் கேமராவைக் கண்ணில் வைத்து எடுத்திருக்கிறார்கள். மார்பையோ இடுப்பையோ வெட்டினால், மேலிருந்து குனிந்து பார்க்கும் பெட்டிக் கேமரா அல்லது இரட்டை லென்ஸ் கேமரா. நீங்களும் அந்த உயரத்துக்கு இறக்க வேண்டும். முழங்கால் வலிக்கும், செய்யுங்கள்.

புள்ளி இப்போது தண்ணீருக்குள் இருந்தால்? மழை நிறைந்த ஆண்டில் கரை பல மீட்டர் உள்ளே வந்திருக்கும். முதல் ஜோடி காட்டிய கோட்டில் பின்னால் வந்து, உலர்ந்த தரையில் நின்று கொஞ்சம் ஜூம் செய்யுங்கள். ஒரு ஜோடியாவது கச்சிதமாகப் பொருந்தும். இன்னொன்று, திரையைப் பார்த்தபடி பின்னால் நடக்காதீர்கள். ஈரப்பாறையும் சேறும் பின்னால் காத்திருக்கும். நின்று, திரும்பிப் பார்த்து, அப்புறம் நகருங்கள்.

கிடைத்த இடத்தைக் குறித்துவையுங்கள். கைப்பேசி சொல்லும் இருப்பிடத்தில் சில மீட்டர் பிழை இருக்கும், அதை மட்டும் நம்ப முடியாது. காலடியைச் சுற்றி ஒரு படம் எடுங்கள், பொருந்திய இரண்டு ஜோடிகளையும் வார்த்தையில் எழுதிவையுங்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குடும்ப ஆல்பத்தில் ஒருவர் மட்டும் எந்தப் படத்திலும் இருக்க மாட்டார். எங்கள் வீட்டில் அது தாத்தா. கேமரா அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான் காரணம். நீங்கள் இவ்வளவு பாடுபட்டுக் கண்டுபிடித்த அந்தப் புள்ளி, அவர் நின்ற இடம். அதனால் பழைய படத்தின் நகலை எடுத்து முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். கேமராவைத் தள்ளி வைத்து, அந்த இடத்தையே, அதன் மண்ணையும் பின்னால் உள்ள புதரையும் சேர்த்து ஒரு படம் எடுங்கள். என் தொகுப்பில் நான் அதிகம் பார்க்கும் படம் அதுதான்.

நாளும் நேரமும்

வானில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. பழைய படத்தில் நிழல் விழும் திசை தெரிந்தால் நேரத்தை ஏறக்குறையப் பிடித்துவிடலாம். நாளைப் பிடிப்பதற்கும் ஒரு வசதி உண்டு. சூரியனின் பாதை ஜூன் 21-ஐ நடுவில் வைத்து இரண்டு பக்கமும் சமமாக மடிகிறது. ஏப்ரல் 20 வாக்கில் எடுத்த படத்தின் வெளிச்சத்தைத் தவறவிட்டால் ஆகஸ்ட் 22 வாக்கில் மறுபடி கிடைக்கும். இலைகளும் நீர்மட்டமும் வேறாக இருக்கும், நிழல் மட்டும் அதேதான்.

விடியலில் போகச் சொல்வதற்குக் காரணம் நிறம் மட்டுமில்லை. இரவில் நிலம் குளிர்ந்து காற்று அடங்கிவிடும், தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். வெயில் ஏறியதும் நிலம் தண்ணீரைவிட விரைவாகச் சூடாகும், நீரின் மேலிருந்து கரையை நோக்கிக் காற்று கிளம்பும், கண்ணாடி உடைந்துவிடும். பெரிய ஏரிகளில் இதைத் தினசரி பார்க்கலாம். நீரைவிடக் காற்று நன்றாகக் குளிர்ந்த விடியலில் ஏரியிலிருந்து ஆவி எழும். முந்தைய பகல் வெதுவெதுப்பாகவும், இரவு மேகமும் காற்றும் இல்லாமலும் இருந்தால் வாய்ப்பு அதிகம். சூரியன் உதிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 பாகைக்குள் இருக்கும்போது வானத்துக்கும் நிலத்துக்கும் வெளிச்ச வித்தியாசம் குறைவு, இரண்டையும் ஒரே படத்தில் அடக்கலாம்.

ஆனால் நிலக்காட்சிக்காரர்கள் ஒப்புக்கொள்ளாத ஒன்றைச் சொல்கிறேன்: உச்சி வெயிலிலும் எடுங்கள். உங்கள் குடும்பம் ஏரிக்குப் போனது நடுப்பகலில்தான். நீந்தியது, சாப்பிட்டது, சண்டை போட்டது எல்லாம் அந்தக் கடுமையான வெளிச்சத்தில். சூரியன் தலைக்கு மேலே இருக்கும்போது ஒளி தண்ணீருக்குள் இறங்கி, அடியில் உள்ள மணலும் கற்களும் தெரியும். அதுதான் அவர்கள் நினைவில் உள்ள நிறம். பொன்னிற விடியல் உங்களுடையதாக இருக்கலாம், அவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீரைக் கையாள்வது

காலடியில் உள்ள தண்ணீரைக் குனிந்து பாருங்கள், அடி தெரியும். தலையை நிமிர்த்தித் தூரத்துத் தண்ணீரைப் பாருங்கள், வானம் தெரியும். நேர் மேலிருந்து விழும் ஒளியில் தண்ணீர் 2 சதவீதம் அளவுக்குத்தான் திருப்பி அனுப்புகிறது. ஒளி சாயச் சாய அது கூடிக்கொண்டே போகும். எனவே பிரதிபலிப்பு வேண்டுமென்றால் கேமராவைத் தாழ்த்துங்கள், அடித்தளம் வேண்டுமென்றால் ஏறி நின்று குனிந்து எடுங்கள். பாதியும் பாதியுமாக எடுத்தால் இரண்டும் மங்கலாகத்தான் வரும்.

பிரதிபலிப்பு, மேலே உள்ள காட்சியின் அச்சு நகல் கிடையாது. நீர்மட்டத்துக்கு மேலே கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே அளவு நீருக்கு அடியிலிருந்து பார்த்தால் தெரியும் காட்சி அது. அதனால்தான் மேட்டிலிருந்து எடுத்தால் முன்னால் உள்ள மரம் பின்னால் உள்ள மலையைத் தண்ணீரில் மறைத்துவிடுகிறது. நீர் மட்டத்துக்கு இறங்க இறங்க இரண்டும் ஒத்துப்போகும்.

போலரைசர் ஃபில்டர் (லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும், மினுமினுப்பை அடக்கும் கண்ணாடி) ஒன்று வாங்கினால் வேறு எதுவும் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி. 1808-இல் பாரிஸில் மாலுஸ் என்பவர், எதிரே இருந்த அரண்மனை ஜன்னலில் பட்டு வந்த சூரிய ஒளியை ஒரு கால்சைட் படிகம் வழியாகப் பார்த்தார். படிகத்தைத் திருப்பினால் ஒளி கூடிக் குறைவதைக் கண்டார். பட்டுத் திரும்பும் ஒளியில் இந்த விளைவு எந்தக் கோணத்தில் உச்சம் என்பதற்கு 1815-இல் புரூஸ்டர் விதி எழுதினார். தண்ணீருக்கு அது செங்குத்திலிருந்து 53 பாகை, அதாவது நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 பாகை. உங்கள் பார்வை அந்தச் சாய்வில் விழும் இடத்தில் போலரைசர் மினுமினுப்பை ஏறக்குறைய முழுதாக அழித்துவிடும். அதைவிடக் கிட்டேயும் தூரத்திலும் பாதிதான் வேலை செய்யும்.

கவனம், அழிப்பது மட்டுமே அதன் வேலையில்லை. கால் சுற்று திருப்பினால் பிரதிபலிப்பு தங்கும். கண்ணை வைத்துக்கொண்டே மெதுவாகத் திருப்பி, பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். அகலமான லென்ஸில் வானத்தின் நடுவே ஒரு கருநீலப் பட்டை விழும். சூரியனுக்கு 90 பாகையில் உள்ள வானத்தில்தான் விளைவு உச்சம் என்பதால் அப்படி. பட்டை தெரிந்தால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் அது தின்னும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்).

ஷட்டர் வேகம் ரசனையைப் பொறுத்தது. 1/250 நொடியில் சிற்றலைகள் உறையும். அரை நொடியில் கோடுகளாகக் கலையும். முப்பது நொடியில் ஏரி பால்போல வழவழப்பாகிவிடும். பகலில் அவ்வளவு நேரம் திறந்து வைக்கக் கருப்பு என்டி ஃபில்டர் வேண்டும். 10 ஸ்டாப் ஃபில்டர் ஒளியை ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காக்கும், 1/30 நொடி 34 நொடியாகும். குடும்ப ஏரிக்கு இந்தப் பால் ஏரியை நான் பரிந்துரைப்பதில்லை. அலைகளைத் துடைத்துவிட்டால் அந்த ஏரியும் உலகத்தின் மற்ற ஏரிகளும் ஒன்றுபோலவே தெரியும். அத்தை கேட்ட கேள்வியை மறுபடி கேட்பார்கள்.

ஆட்களைக் காட்சிக்குள் வைப்பது

வரிசையாக நிற்கவைத்து எடுக்கும் படம் ஒன்று வேண்டும்தான். அதை முதலில் எடுத்து முடித்துவிடுங்கள், எல்லோரும் தளர்வார்கள். பிறகு ஏதாவது வேலை கொடுங்கள். கல் எறிவது, படகை இழுப்பது, காலை நனைப்பது. நீங்கள் தள்ளிப் போய்க் காட்சி பெரிதாகவும் ஆள் சிறியதாகவும் வரும்படி எடுங்கள். ஆளின் உயரம் சட்டகத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலும் நடையை வைத்தே வீட்டார் யாரென்று சொல்லிவிடுவார்கள்.

எதிர்க்கரைக் கோடு யாருடைய கழுத்தையும் அறுக்கக் கூடாது. கேமராவை இடுப்பளவுக்கு இறக்கினால் தலை கோட்டுக்கு மேலே, வானத்தில் தனித்து நிற்கும். மேட்டில் ஏறி எடுத்தால் உடம்பு முழுவதும் தண்ணீரின் பின்னணியில் வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், நடுவில் நிற்காதீர்கள். நிழலுருவமாக எடுப்பதானால் வானத்துக்கு அளந்து வெளிச்சம் வையுங்கள், கையும் காலும் உடம்போடு ஒட்டாமல் தனித்தனியாகத் தெரியட்டும்.

வயதானவர்களை விடியற்காலையில் எழுப்பி இழுத்துப் போகாதீர்கள். இடத்தை நீங்கள் முந்தின நாளே கண்டுபிடித்து வைத்திருங்கள். அவர்கள் வரும்போது நாற்காலி தயாராக இருக்க வேண்டும், பத்து நிமிடத்தில் வேலை முடிய வேண்டும். மேகம் மூடிய பகல் முகங்களுக்கு நல்லது. நீர் விளிம்பில் குழந்தைகள் இருந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தனியாக நியமியுங்கள். படமெடுப்பவரின் கண் கேமராவில் இருக்கும், அவரை நம்பக் கூடாது. படகில் ஏற்றினால் மிதவை உடை போட்டே ஆக வேண்டும், படத்தில் அது அசிங்கமாகத் தெரிந்தாலும் சரி.

கருவியும் அமைப்பும்

சுருக்கமாகச் சொல்கிறேன். முக்காலி, போலரைசர், லென்ஸ் துடைக்கும் துணி, ஒரு கூடுதல் பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும், சட்டைப்பையில் வையுங்கள். ரா வடிவத்தில் (கேமரா பதிந்த தரவை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். முழுச்சட்டகக் கேமராவில் 24 மி.மீ. லென்ஸின் துளையை எஃப்/11 அளவுக்குச் சுருக்கி வைத்து 1.8 மீட்டர் தூரத்தில் குவித்தால், சுமார் 0.9 மீட்டரிலிருந்து எதிர்க்கரை வரை தெளிவாக இருக்கும். முன்னால் பாறை, பின்னால் மலை என்ற படங்களுக்கு இது போதும். வானம் வெளுத்துப்போகிறது என்றால் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று படங்கள் எடுத்துப் பிறகு சேருங்கள்.

சேர்க்கும்போதும் திருத்தும்போதும் ஒரு எல்லை உண்டு. தண்ணீரில் தெரியும் வானம் நிஜ வானத்தைவிடக் கொஞ்சம் இருண்டுதான் இருக்கும். அதைத் தூக்கி வானத்தைவிடப் பிரகாசமாக்கினால், காரணம் தெரியாவிட்டாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும்.

வீட்டுக்கு வந்த பிறகு

படங்களைக் கழித்துக் கட்டும்போது உங்களுக்கு அழகாகத் தெரிவதையும் குடும்பத்துக்கு அடையாளம் தெரிவதையும் இரண்டு தனிக் கோப்புறைகளில் போடுங்கள். இரண்டிலும் இடம் பிடிக்கும் படங்கள் ஐந்தாறுதான் தேறும். அவற்றைத்தான் பிரிண்ட் போட வேண்டும்.

ஒவ்வொரு படத்துக்கும் விளக்கத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதுங்கள்: யார், எந்தக் கரை, எந்தத் திசை, எந்த நாள், எந்தப் பழைய படத்தின் மறுபதிப்பு. "ஏரியில் அம்மா" என்று எழுதினால் ஐம்பது வருடம் கழித்து யாருடைய அம்மா என்று ஒருவருக்கும் தெரியாது. மூன்று பிரதிகள் வையுங்கள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்றாவது வேறு வீட்டில் இருக்கட்டும். பொதுவில் பகிர்வதானால், குடும்பத்தின் வீடோ நிலமோ அந்தக் கரையில் இருந்தால், கோப்பில் உள்ள இருப்பிடத் தகவலை முதலில் நீக்கிவிடுங்கள்.

கடைசியாக, பிரிண்டைப் பெரியவர்களிடம் கொடுக்கும்போது நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். இடத்தின் பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம். குரல் பதிவை ஓடவிட்டு உட்காருங்கள். இரண்டாம் முறை எடுத்த படத்தை அத்தையிடம் கொடுத்தபோது வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு பிரிண்டின் இடது ஓரத்துக்கு வெளியே, மேஜைமேல் விரலை வைத்து, "இங்க ஒரு படகு கவிழ்ந்து கிடக்கும். அதுமேலதான் உங்க தாத்தா சட்டையைக் காயப் போடுவாரு" என்றார். படகு இப்போது இல்லை. அடுத்த முறை கேமராவை அந்தப் பக்கம் ஒரு சாண் திருப்பி, அந்த வெற்றிடத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்று குறித்துவைத்திருக்கிறேன்.